வெறுஞ்சுவருக்கு ஒரு நீலப் படம்

மன்னார் வீதியில் பூவரசங்குளம், சாளம்பைக்குளம் பக்கத்துப் புது வீடுகளை நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடுப்போடு புறப்பட்டவர்கள்தாம் அதிகம். சுவரில் கிடந்த கஃபா படத்தையும் வாப்பாவின் கல்யாணப் போட்டோவையும் கழற்றி எடுக்க யாருக்கு நேரம் இருந்தது? 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் சிலருக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடியில் வீடு கிடைத்தது. சீமெந்துச் சுவர் பளபளவென்று நிற்கிறது. உம்மம்மா காலத்து அடையாளம் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த வெறுமையை நிரப்ப நம் பெண்பிள்ளைகள் கைப்பேசியில் தேடிப் பிடிப்பவற்றில் பழைய அமெரிக்கக் கலண்டர் படங்களும் உண்டு. பெரிய தொப்பி அணிந்த சீமாட்டிகள், தோளில் சாய்ந்த காதலர்கள், ஹரிசன் ஃபிஷர் சஞ்சிகை அட்டைகளுக்கு வரைந்த அழகு முகங்கள். "ஹோலில் மாட்டட்டுமா உம்மா?" என்று மகள் கேட்பாள், மாமி முகத்தைச் சுளிப்பார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். ஒரே சொல்லில் "கூடாது" என்று முடித்துவிட்டால் அந்தப் படம் அறைக் கதவின் பின்பக்கம் ஏறிவிடும். அது உங்களுக்கும் தெரியும்.

இந்த வழக்குக்கு ஒரு நல்ல தீர்வு அந்தப் படக்காரர்களில் ஒருவரிடமே இருக்கிறது. மக்ஸ்ஃபீல்ட் பாரிஷ் (1870–1966) என்பது அவர் பெயர். 1922இல் அவர் வரைந்த 'டேபிரேக்' என்ற படத்தின் அச்சுப்பிரதி அமெரிக்காவில் நான்கு வீட்டுக்கு ஒன்றில் தொங்கியது என்று சொல்வார்கள். மூலப் படம் 2006இல் 76 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. தூண்கள், மலை, விடியற்கால நீலம் எல்லாம் அழகுதான். ஆனால் அதில் நிற்கும் உருவத்துக்கு உடை இல்லை. நம் ஹோலுக்கு அது ஆகாது, பேச்சே இல்லை.

அதே மனிதர் எடிசன் மஸ்டா மின்குமிழ் விளம்பரத்துக்காக 1918 முதல் 1934 வரை கலண்டர் படங்கள் வரைந்தார். வெளிச்சத்தை விற்க வெளிச்சத்தையே வரைந்தார் என்று வையுங்கள். வெள்ளைத் தளத்தின் மேல் மெல்லிய எண்ணெய் வர்ணம், அது காய்ந்ததும் ஒரு பூச்சு வார்னிஷ், மறுபடி வர்ணம் என்று அடுக்கிக்கொண்டே போவார். அந்த ஒளிரும் நீலம் அப்படி வந்ததுதான். பிறகு, 1930களின் தொடக்கத்தில், பாறைமேல் பெண்களை வரைந்தது போதும் என்று விட்டுவிட்டு மரம், மலை, ஓடை, பண்ணை வீடு என்று இயற்கைக் காட்சிகளுக்குத் திரும்பினார். பிரவுன் அன்ட் பிகலோ கம்பனி 1936 முதல் அவற்றைக் கலண்டராக அடித்து வீடு வீடாக அனுப்பியது. மாலை வெயில் பட்ட மரமும் அதன் கீழ் நீரும் உள்ள அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்தால், பூவரசங்குளத்து அணைக்கட்டில் மஃரிபுக்குச் சற்று முன் நிற்பது போலத்தான் எனக்கு இருக்கும்.

மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்கு அறிவுரை கூறியது நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே மாமிக்கும் மறுப்பு இராது. மகள் விரும்பிய அதே கை, அதே நீலம்; ஆள் மட்டும் இல்லை.

இனி மாட்டும் விஷயம். சிறிய ஹோலுக்கு ஒரே படம் போதும். கடை போல வரிசையாக அடுக்காதீர்கள். கிப்லாப் பக்கச் சுவரை வெறுமையாகவே விடுங்கள், தொழுகையில் கண் அதன்மேல் போகும். நேர் வெயில் விழும் இடம் வேண்டாம். முதலில் மங்குவது வர்ணம்தான். பிரின்ட் எடுக்கும்போது 'பிக்மென்ட்' மையா என்று கேளுங்கள், சாதாரண மையைவிட நெடுநாள் நிற்கும்.

வன்னியில் வெயிலைவிட மாரிதான் படத்துக்குப் பெரிய எதிரி. ஒக்டோபரில் மழை தொடங்கினால் சுவர் ஈரம் குடிக்கும். கடதாசி கண்ணாடியில் முட்டினால் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் படத்தைச் சுற்றி மட்டை ஓரம் வைத்துப் பிரேம் போடச் சொல்லுங்கள். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் சின்ன மரத்துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். பிரேமைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு "நாளைக்கு ஆணி அடிப்பம்" என்று மட்டும் இருக்காதீர்கள். கறையான் நாளை வரை காத்திராது.

அந்தத் தொப்பிச் சீமாட்டிகளை என்ன செய்வது என்று மகள் கேட்டால், ஓர் அல்பம் வாங்கிக் கொடுங்கள். அலுமாரிக்குள் இருந்துவிட்டுப் போகட்டும்.