தாயி கார்டு எங்கே?

2022 நவம்பர் தொடக்கம். கர்நாடகத்தின் துமகூருவில் குடியிருந்த தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு நிறைமாதம். வயிற்றில் இரட்டைப் பிள்ளை. வலி எடுத்ததும் அக்கம்பக்கத்தார் காசு சேர்த்து ஆட்டோவில் மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கர்ப்பிணிகளுக்கான தாயி கார்டும் ஆதாரும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. பெங்களூரு வாணி விலாஸ் மருத்துவமனைக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆட்டோவுக்கே அடுத்தவர் கையை எதிர்பார்த்தவர் பெங்களூருக்கு எங்கே போவார்? வீடு திரும்பினார். மறுநாள் வீட்டிலேயே பிரசவம். தாயும் இரண்டு சிசுக்களும் பிழைக்கவில்லை.

மருத்துவரும் செவிலியரும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவசரத்துக்கு வருபவரிடம் ஆவணம் கேட்கக்கூடாது என்று அரசு அறிவித்தது. அவசர சிகிச்சையை மறுப்பது வாழும் உரிமையைப் பறிப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லியாகிவிட்டது!

தாயி கார்டு கெட்ட ஏற்பாடு அல்ல. தமிழ்நாட்டில் பிக்மி எண் போல, கர்ப்பத்தைப் பதிந்து மாதாமாதம் ரத்தமும் எடையும் பார்க்க வந்தது. ஆனால் அது ஓரிடத்தில் நிலையாக இருப்பவளுக்கானது. வீடு மாறிக்கொண்டே இருப்பவளின் பெயர் எந்த ஆஷா பணியாளரின் நோட்டில் இருக்கும்?

வேலை தேடி இடம்பெயர்ந்து வருபவர்கள் இருக்கும் மைசூரு ஹெப்பாளில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். ஒருபுறம் இன்ஃபோசிஸ் வளாகம், மறுபுறம் தொழிற்பேட்டை. கே.ஆர்.எஸ். சாலையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, நகருக்குள் தாய்சேய்க்கென்றே செலுவாம்பா அரசு மருத்துவமனை. தூரம் ஒரு சாக்கே இல்லை. 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் அரசுப் பேருந்தும் பெண்களுக்கு இலவசம். அதற்கும் கர்நாடக முகவரி வேண்டும். ஆதாரில் சேலம் என்றிருந்தால் கண்டக்டர் காசு வாங்கித்தான் டிக்கெட் கொடுப்பார்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் நிலையாக இல்லாதவளுக்கு இதே சிக்கல். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பேறுகாலத்தில் 26 வாரம் பணப்பலன் உண்டு. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறி இடையில் சந்தா விட்டுப்போனால் நஷ்டம் அவளுக்குத்தான். ரத்தசோகைக்கு மாத்திரை வாங்க ஒரு பொழுது போனால் கூலியும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுவாள். 'பொம்பளைங்களுக்கு அக்கறை இல்லை' என்று இதற்குப் பெயர் வைப்பது அபாண்டம்.

2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கில், லட்சம் உயிர்ப்பிறப்புக்குப் பேறுகால மரணம் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, கர்நாடகத்தில் 69. தென் மாநிலங்கள் ஐந்தில் கர்நாடகமே மோசம். இந்தக் கணக்கை இறக்க வேண்டுமானால் அட்டை இல்லாதவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு மாநிலத்து ஏழைக் கர்ப்பிணிக்கும் அரசு மருத்துவச் சலுகை உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010லேயே சொன்னது.

செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. தாயி கார்டை வாசலில் கேட்பதை விட்டுவிட்டு, பிரசவ வார்டில் கட்டிலருகே வைத்தே எழுதிக் கொடுக்கலாம். ஹெப்பாளில் ஷிப்டு விட்டு வருபவர்களுக்காக, வாரம் இரண்டு நாள் மாலையில் கர்ப்பிணிப் பரிசோதனை நடத்தலாம். கன்னடம் வராதவருக்குத் தமிழும் இந்தியும் தெரிந்த ஒரு செவிலியர் அங்கே இருந்தால் போதும்.