பெயர் வெட்டாமல் பயிற்சி கொடுக்க முடியுமா?

கேரளத்தில் பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் 2000-இல் கைவிடப்பட்டன. தேயிலை விலை சரிந்திருந்த நேரம். கூலி நின்றது, பணிக்கொடை பாக்கி விழுந்தது. போக இடமில்லாத தொழிலாளர்கள் ஒழுகும் லயங்களிலேயே தங்கி, செடிகளைத் தங்களுக்குள் பங்கிட்டு, கொழுந்து கிள்ளி விற்றுப் பிழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்ள அரசின் பணம் அந்தக் குடும்பங்களை எட்டியிருக்க வேண்டிய காலம் அதுதான்.

வேலை குறையும்போது பயிற்சிக்குச் செலவிடுவது வீண் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆராய்ச்சி சொல்வது வேறு. டேவிட் கார்ட், யோகன் குளூவே, ஆந்த்ரேயா வெபர் ஆகிய மூன்று பொருளியலாளர்களும் வேலைவாய்ப்புத் திட்டங்கள் பற்றிய 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயிற்சியின் பலன் முதல் ஆண்டில் அநேகமாகத் தெரிவதில்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் துலங்குகிறது. பெண்களுக்கும் நெடுநாள் வேலையற்றோருக்கும் பலன் கூடுதல். மந்த காலத்தில் நடந்த திட்டங்களே அதிகம் பயன் தந்திருக்கின்றன.

நம் திட்டங்களோ மூன்று மாதக் கணக்கில் ஓடுகின்றன. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் வழியாக நடக்கும் கிராமப்புற இளைஞர் பயிற்சித் திட்டமான தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில், பயிற்சி முடித்தவர் மூன்று மாதம் சம்பளம் வாங்கினால் அது வேலைவாய்ப்பு. பயிற்சி நிறுவனத்துக்கு வர வேண்டிய தவணையும் அதைப் பொறுத்ததே. இந்த நெருக்கடியில் பயிற்றுநர் யாரைச் சேர்ப்பார்? நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கொச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ கிளம்பக்கூடிய இளைஞரைத்தான். மூணாறு மலையில் கொழுந்தெடுக்கும் நாற்பது வயதுப் பெண் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

அவர் வராததற்கு வீடும் ஒரு காரணம். லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. அம்மா ஓய்வு பெற்றால், குடும்பத்தில் இன்னொருவர் பெயர் தோட்டத்துப் பதிவில் இருந்தால்தான் வீடு நிலைக்கும். பட்டம் படித்த மகள்கூட இதற்காகக் கூடையைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். ஆறு மாத விடுதிப் பயிற்சிக்குப் போவது அவரைப் பொறுத்தவரை கூரையைப் பணயம் வைப்பது. 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தோட்டத் தொழிலாளர் பெண்கள் போனஸுக்காக மூணாறு சாலையை மறித்தபோது தோட்டத்துத் தினக்கூலி 232 ரூபாய். அந்தக் கூலியையும் இழந்து வகுப்பில் உட்காரச் சொல்வது நியாயமல்ல.

ஜெர்மனியில் குறுகிய வேலைநேரத் திட்டம் 2009 பொருளாதார நெருக்கடியில் கைகொடுத்தது. ஆள்களை நீக்காமல் வேலைநேரத்தைக் குறைத்தார்கள். இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டியது, அந்த இடைவெளியில் பயிற்சிக்கும் உதவியது. மூணாறில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும் மாதங்களில் இதைச் செய்து பார்க்கலாம். பெயர் பதிவில் இருக்கட்டும், கூலி ஈட்டை அரசு தரட்டும், வகுப்பு தோட்டத்திலேயே தமிழில் நடக்கட்டும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளையின் பல் மழுங்கியதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, கழற்றி, தீட்டி, மறுபடி பூட்டுகிற ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு சான்றிதழும் கிடையாது. தோட்டம் மூடினால் வெளியே அவர்கள் வெறும் கூலியாள். முன்கற்றலை அங்கீகரிக்கும் பிரிவு மத்திய அரசின் பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனாவில் உண்டு. தேர்வாளர் மலையேறி வந்தால் போதும்.

மேற்பார்வை இல்லாத பணம் எப்படிக் கரையும் என்பதற்கும் அதே திட்டம் சாட்சி. 95 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளின் பதிவுகளில் 94 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக் கணக்கு விவரம் வெற்றாகவோ பூஜ்ஜியமாகவோ இருந்ததாக மத்தியத் தணிக்கை அறிக்கை சொல்கிறது. நிதியைக் கூட்டக் கேட்கும் பயிற்சித் துறை இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2023–24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை 29.9 விழுக்காடு, இளம்பெண்களிடையே 47.1. இந்த நிலையில்தான் பாலக்காடு மாவட்டத்துப் புதுச்சேரியில் தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது: 3,806 கோடி ரூபாய், சுமார் 51,000 வேலைகள் என்பது அறிவிப்பு. பக்கத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆலைகள் திறந்த பிறகு ஆள் தேடினால் கஞ்சிக்கோட்டு உருக்காலைகளைப் போல வெளிமாநிலத்தவரே நிரம்புவார்கள். தமிழ் தெரிந்த பயிற்றுநர்களுக்கும் உதவித்தொகைக்கும் அடுத்த நிதியாண்டிலேயே பணம் ஒதுக்கி, கட்டுமானம் நடக்கும்போதே வகுப்புகளைத் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர்களை மூன்று ஆண்டு தொடர்ந்து கண்காணிக்கும் செலவையும் அந்த ஒதுக்கீட்டிலேயே சேர்க்க வேண்டும்.