குத்தகைக் காரின் தவணை முடியும்போது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பொறியாளராய்ப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் குறிக்காமல் இப்பகுதியில் அதனை எடுத்தாள அவரே இசைவு தந்துள்ளார். பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் தொலைபேசியில் சொல்லும் செய்திகளைப் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கேட்டிருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் பலர். அவர்களுக்கும் இது பயன்படக் கூடும்.

"சுவாமி, கார் வாங்குவதைப் பற்றித் தங்களிடம் கேட்பது தங்களுக்கே வேடிக்கையாகத் தோன்றலாம்" என்று கடிதம் தொடங்குகிறது. நமக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்குவது எதுவோ, அதைப் பற்றிப் பங்குக் குருவிடம் பேசுவதில் என்ன தவறு? கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே உவமை கூறியிருக்கிறார் அல்லவா?

செய்தி இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன், திருமணத்திற்கு முந்திய காலத்தில், அவர் ஃபோர்டு மஸ்டாங் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் குத்தகைக்கு எடுத்தார். வருகிற டிசம்பரில் குத்தகை முடிகிறது. அவருடைய மனைவி பிப்ரவரியில் முதற்குழந்தையை எதிர்பார்த்திருக்கிறார். இந்தக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதைப் போலவே புதியதொன்றை மீண்டும் குத்தகைக்கு எடுப்பதா? இதையே விலைக்கு வாங்கிக்கொள்வதா? குடும்பத்துக்கு ஏற்ற வண்டியைக் குத்தகைக்கு எடுப்பதா? அல்லது பழைய வண்டி ஒன்றை வாங்குவதா? நான்கையும் எழுதிவிட்டு, தம் மனம் முதல் வழியையே நாடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

இந்தக் குத்தகை முறை நம்மவர் பலருக்குப் புதிது. நம் ஊரில் பாங்கில் கடன் பெற்றுக் கார் வாங்குகிறவர் மாதத் தவணை கட்டுவார். கடைசித் தவணையோடு வண்டி முற்றிலும் அவருடையதாகிவிடும். அமெரிக்கக் குத்தகையில் அப்படியன்று. காரின் விலை முழுவதையும் அவர் செலுத்துவதில்லை. அவர் ஓட்டும் காலத்தில் அதன் மதிப்பு எவ்வளவு குறையுமோ அந்தத் தேய்மானத்தையும் அதற்குரிய வட்டியையும் மட்டுமே செலுத்துகிறார். முடிவில் வண்டியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அல்லது தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட மீதி மதிப்பைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கணக்குக்காக ஒரு காரின் விலை 36,000 டாலர் என்றும், 36 மாதம் கழித்து அதன் மதிப்பு விலையில் நூற்றுக்கு 55, அதாவது 19,800 டாலர் என்றும் கொள்வோம். தேய்மானம் 16,200 டாலர். மாதம் ஒன்றுக்கு 450. வட்டியை அவர்கள் நேராகச் சொல்வதில்லை. 'மணி ஃபேக்டர்' என்று 0.0025 போன்றதொரு சிறு எண்ணைக் காட்டுவார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போலிருக்கும். அதை 2,400ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி வெளிப்பட்டுவிடும்: 6 விழுக்காடு. கார் விலையையும் மீதி மதிப்பையும் கூட்டி அந்தச் சிறு எண்ணால் பெருக்கினால் மாத வட்டி 139 டாலர் 50 செண்ட். ஆக, வரி நீங்கலாக மாதம் ஏறத்தாழ 590 டாலர். மூன்றாண்டில் 21,000 டாலருக்கு மேல் கட்டியபின் கையில் ஒரு சக்கரங்கூட மிஞ்சுவதில்லை. இந்த இளைஞர் கட்டிவரும் தொகையும் இதையொட்டியதே.

அதோடு நின்றுவிடுவதுமில்லை. ஆண்டுக்கு 10,000 மைல், 12,000 மைல், 15,000 மைல் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதற்குமேல் ஓடிய மைல் ஒவ்வொன்றுக்கும் தண்டம் உண்டு. நம் இளைஞருக்கு 12,000 மைல் வரம்பு, மைலுக்கு 20 செண்ட் தண்டம். மூன்றாண்டில் 2,000 மைல் கூடுதலாக ஓடியிருக்கும் என்கிறார்; அதற்கு 400 டாலர். கீறல், நசுங்கல், தேய்ந்த டயர் ஆகியவற்றிற்கு வேறு கணக்கு. வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே ஒரு கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் பல. புதிய காரை அதே நிறுவனத்தில் எடுத்தால் இவற்றில் சிலவற்றைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்வார்கள். அந்தத் தள்ளுபடிக்காகவே அடுத்த குத்தகையில் கையெழுத்திடுகிறவர் உண்டு. நானூறு டாலரை மிச்சப்படுத்த இருபத்தோராயிரம் டாலருக்கு உடன்படுவது கணக்காகுமா?

குத்தகை முறை தீயது என்று நாம் கூறவில்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை எழுத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அந்நாட்டில் 1976 முதலே சட்டம் இருக்கிறது. எனவே இதனை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. தொழில் நிமித்தம் எப்போதும் புதிய வண்டி தேவைப்படுகிறவருக்கு இது வசதியாகவும் இருக்கலாம். ஆனால் இதற்கு முடிவு என்பதே இல்லை. கடன் வாங்கியவனுக்கு ஒருநாள் விடுதலை உண்டு. குத்தகைக்குப் பின் குத்தகை எடுக்கிறவனுக்கு முப்பத்தேழாவது மாதம் மீண்டும் முதல் மாதமாகிவிடுகிறது.

இனி வண்டிக்கு வருவோம். மஸ்டாங் 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட கார். அன்றுதொட்டு இளைஞர் மனத்தைக் கவர்ந்து வருவது. நன்கு செய்யப்பட்ட இயந்திரத்தில் அழகு இல்லை என்று சொல்கிறவரோடு நமக்கு உடன்பாடு கிடையாது. மனிதனின் அறிவும் கையும் சேர்ந்து செய்த நல்ல பொருளைக் கண்டு மகிழ்வதில் பாவம் ஒன்றுமில்லை. இந்த இளைஞர் ஏழு வயதில் அதன் படத்தை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்ததாய் எழுதியதைப் படித்தபோது நமக்கும் மகிழ்ச்சியே. மூன்றாண்டு அவர் அதை ஓட்டியதைக் குறித்து நாம் ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை.

ஆயினும், அந்தக் காருக்குக் கதவு இரண்டே. பின்னிருக்கை பெயருக்கு உண்டு. கைக்குழந்தையை வண்டியின் பின்புறம் நோக்கி அமரும் தனி இருக்கையில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டும். அவ்விருக்கையின் உயர, எடை வரம்பை எட்டும்வரை இயன்ற அளவு நெடுங்காலம் அப்படியே வைப்பது நலம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் அறிவுறுத்தியிருக்கிறது. அந்த இருக்கையோ இடத்தை அடைத்துக்கொள்வது. பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாத தாய், முன்னிருக்கையைச் சாய்த்து, உடலை வளைத்து, குழந்தையை உள்ளே நுழைத்துப் பட்டை பூட்டுவதை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி மாதத்து மிச்சிகனில் வெளியே உறைபனி. மஸ்டாங் பின்சக்கர விசையில் ஓடுவது. கோடைக்கான டயரோடு பனியில் அது வழுக்கும். பனிக்குரிய டயர் மாற்றினால் ஓட்டலாம். அதுவும் ஒரு செலவு. மஸ்டாங்கிற்குப் பதிலாக மாஸ்டா எம்.எக்ஸ்-5 எடுக்கலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறார். அதில் இருப்பவை இரண்டே இருக்கைகள்! குழந்தையை எங்கே வைப்பதாய் எண்ணினாரோ?

வேகமும் துள்ளலும் அறவே கூடாது என்பதில்லை. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1970களின் நடுவில் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்னும் வண்டியைக் கொண்டுவந்தது. குடும்பம் அமரவும் சாமான் ஏற்றவும் இடம் இருக்க, ஓட்டத்திலும் சுறுசுறுப்பானது என்று பெயர் பெற்ற வண்டி அது. அந்த வழியில் வேறு நிறுவனங்களும் கார்கள் செய்தன. ஹோண்டா சிவிக், மாஸ்டா 3 ஆகியவற்றையும் அவர் பட்டியலில் குறித்திருக்கிறார். நாம் இவற்றில் ஒன்றையும் ஓட்டியதில்லை. பங்கிலுள்ள பழைய ஸ்கூட்டரே நமக்குப் பழக்கம். எனினும் நான்கு கதவுள்ள இவற்றில் ஏதேனும் ஒன்று, மூன்றாண்டு ஓடியதாய், நல்ல நிலையில் இருப்பதாய் வாங்குவதே நம் எண்ணத்திற்கு ஏற்றதாய்ப் படுகிறது. அமெரிக்காவில் மூன்றாண்டு ஓடிய கார்கள் எங்கிருந்து சந்தைக்கு வருகின்றன? பெரும்பாலும் இவரைப் போன்றவர்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுப்பவையே. முதல் மூன்றாண்டின் கடுமையான தேய்மானத்தை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அதற்குப் பின்வரும் ஆண்டுகளை இவர் அனுபவிக்கலாம்.

நல்ல காரை என்ன செய்வது என்னும் கேள்வி திருச்சபையின் தலைவர்களுக்கும் வந்ததுண்டு. 1964 டிசம்பரில் பம்பாயில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தபோது, பாப்பரசர் ஆறாம் சின்னப்பருக்கு லிங்கன் கார் ஒன்று அளிக்கப்பட்டது. விடைபெற்றுச் செல்கையில் அவர் அதை அன்னை தெரேசாவுக்குக் கொடுத்துவிட்டார். அன்னை அதில் ஏறி உலா வரவில்லை. சீட்டுக் குலுக்கலில் பரிசாக வைத்து, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளர்க்கான சாந்தி நகர் குடியிருப்புக்குச் செலவிட்டார். இரண்டாம் அருள் சின்னப்பருக்கு ஃபெராரி நிறுவனம் அளித்த என்சோ கார், 2005இல் சுனாமியால் துன்புற்றோர் நலனுக்காக 9,50,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாளை வேளாங்கண்ணியும் நாகையும் மறக்குமா? 2017இல் பரிசாக வந்த லம்போர்கினியையும் திருத்தந்தை பிரான்சிஸ் ஏலத்திற்கே அனுப்பினார். ஈராக்கில் வீடிழந்த கிறிஸ்தவர்களின் மறுவாழ்வும் அந்தப் பணத்தின் நோக்கங்களில் ஒன்று. அதே திருத்தந்தை, 2013இல் இத்தாலியக் குரு ஒருவர் தந்த 1984ஆம் ஆண்டு ரெனோ 4 காரை மகிழ்ந்து பெற்றுக்கொண்டார். அது ஏற்கெனவே 3,00,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது! புதுப்புது மாடல் கார்களில் செல்லும் குருக்களையும் கன்னியரையும் கண்டால் தமக்கு வேதனையாயிருக்கிறது என்று அவ்வாண்டு ஜூலையில் குருமாணவரிடம் அவர் சொன்னது முதலில் நமக்குத்தான் உரியது. இல்லறத்தாரை அதைக் கொண்டு அடிக்க மாட்டோம்.

நம்மை நிறுத்தியவை கடிதத்தில் வேறு இரண்டு.

ஒன்று, எட்டுப் பக்கக் கடிதத்தில் குதிரைத்திறன் இருக்கிறது, நிறம் இருக்கிறது, நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் இருக்கிறது. மனைவி என்ன விரும்புகிறார் என்பது ஓரிடத்திலும் இல்லை. அவரும் வேலைக்குச் செல்கிறவர். பிரசவத்திற்குப் பின் பகலில் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்போகிறவரும் அவரே. தம்பி, நமக்கு எழுதியதை முதலில் அவரிடம் பேசியிருக்கலாமே!

மற்றொன்று, கையெழுத்துக்கு மேலே கடைசி வரி. தம் மேற்படிப்புக்காகத் தந்தையார் வீட்டுப் பத்திரத்தைப் பாங்கில் அடகு வைத்தார் என்றும், அந்தக் கடனுக்கு இதுவரை வட்டியை மட்டுமே அனுப்பி வருவதாகவும், அசல் அப்படியே நிற்கிறது என்றும் எழுதி, "அது வேறு விஷயம்" என்று முடித்திருக்கிறார். அந்த வரியை நாம் இருமுறை படித்தோம். அது வேறு விஷயமா? ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தாம் வாழும் வீட்டின் பத்திரம் பாங்கின் பெட்டியில் இருப்பதைப் பிள்ளையிடம் ஒரு சொல்லும் நினைவூட்டாமல் இருக்கிறார். பெற்றோர் கேட்கமாட்டார்கள். கேளாதிருப்பதால் கடன் இல்லாமற்போவதில்லை.

ஆகவே மீண்டும் கணக்கு. 20,000 டாலருக்கு மூன்றாண்டு ஓடிய கார். கையிருப்பிலுள்ள 5,000 டாலரை முன்பணமாய்க் கொடுத்து, மீதி 15,000 டாலரை 7 விழுக்காட்டு வட்டியில் 60 மாதக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 297 டாலர். இப்போது கட்டுவதில் பாதி. மாதம் 290 டாலருக்குமேல் மிஞ்சும். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஸ்போர்ட்ஸ் காருக்குரிய இன்ஷூரன்ஸ் கட்டணம் குறைந்தால் இன்னும் சிறிது கூடும். அந்தத் தொகை மாதந்தோறும் அசலுக்குப் போகட்டும். ஐந்தாண்டில் கார்க்கடன் தீரும். வண்டியும் கையில் இருக்கும். பத்திரம் அதற்கு முன்னரே தந்தையார் கைக்கு வந்துவிடவும் கூடும்.

இதே மஸ்டாங்கை வாங்கிக்கொள்ளும் வழிக்கும் ஒரு சொல். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள மீதி மதிப்பையும் இன்றைய சந்தை விலையையும் அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2021, 2022 ஆண்டுகளில் மின்னணுச் சில்லுகளின் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் கிடைக்காமல் பழைய கார்களின் விலை ஏறியபோது, மீதி மதிப்பைவிடச் சந்தை விலை மிகுந்து, வாங்கி விற்றுப் பணம் பார்த்தவர் பலர். இப்போதும் அப்படி வேறுபாடு இருக்குமானால் திருப்பிக் கொடுக்குமுன் யோசிக்கலாம். இல்லையேல் மன வருத்தமின்றிச் சாவியை ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் நாளுக்குச் சில வாரம் முன்னதாகவே வண்டியைப் பார்வையிட்டுப் பழுதுகளைக் குறித்துத் தருமாறு நிறுவனத்தைக் கேட்கட்டும். சிறு பழுதுகளை வெளியே சரிசெய்தால் செலவு குறையும்.

புதிய வண்டியைத் தேடப் போகும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்லட்டும். குழந்தை இருக்கையை அதற்கு முன்பே, பிறர் பயன்படுத்தியதாக இல்லாமல் புதிதாகவே, வாங்கிவிட வேண்டும். கடையில் நிற்கும் ஒவ்வொரு காரிலும் அதைப் பொருத்தி, அவர் தாமே பூட்டியும் கழற்றியும் பார்க்கட்டும்.