இன்ஜினைக் கவிழ்த்துப் பாருங்கள்

மாடல் ரயில் உலகத்தில் இன்று விற்கிற விலை உயர்ந்த இன்ஜின்களில் பல, நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. ஓடுவது அவற்றுக்கு உபதொழில். இதை எந்த மாடல் ரயில்காரரிடம் சொன்னாலும் சண்டைக்கு வருவார். வரட்டும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களை ரொம்ப ஏமாத்தின இன்ஜின் எது?" அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். அந்தப் புலம்பலைக் காது கொடுத்துக் கேட்டால் என் வாதம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும்.

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் அடிப்படை. நான் சொல்வது சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் பொம்மை அல்ல. நிஜ ரயில் இன்ஜினை அளவெடுத்துச் சுருக்கிச் செய்வது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 1:87 விகிதம், பெயர் ஹெச்ஓ. பிரிட்டனில் 1:76, பெயர் டபுள் ஓ. இரண்டுமே 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடுபவை. பழைய முறையில், தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை மின்சாரம் வரும். சக்கரம் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். மோட்டார் ஒரு திருகுப் பல்லைச் சுற்றும், திருகுப் பல் பல்சக்கரத்தைச் சுற்றும், பல்சக்கரம் அச்சைச் சுற்றும். அவ்வளவுதான் மொத்த ஆர்க்கிடெக்சரும். டிஜிட்டல் கன்ட்ரோல், ஹாரன் சத்தம், புகை எல்லாம் இதன் தலையில் ஏற்றிய ஃபீச்சர்கள்.

இதில் ஏமாற்றம் இரண்டு வகை. ஒன்று, முகம் சரியில்லாதது: ஜன்னல் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், பச்சை நிறம் வேறு பச்சையாக இருக்கும். இன்னொன்று, உள்ளே சரியில்லாதது: பல்சக்கரம் வெடிக்கும், சேசிஸ் வீங்கும், மோட்டார் செத்தால் மாற்ற வழியிருக்காது. முதல் வகைக்கு இந்த உலகம் ஊரைக் கூட்டுகிறது. இரண்டாவது வகைக்குப் பெருமூச்சு விட்டு அடுத்த இன்ஜினுக்குப் பணம் கட்டுகிறது. என் சண்டை இதோடுதான்.

முதல் வகைக்கு உதாரணம், அமெரிக்காவின் ஏத்தர்ன். நீலப் பெட்டியில் வந்ததால் அவற்றை "ப்ளூ பாக்ஸ்" என்றே சொல்வார்கள். சில டீசல் இன்ஜின்களின் மூக்கும் உடம்பும் இருக்க வேண்டியதைவிட அகலம். காரணம் எளிது: அன்றைய மோட்டார் உள்ளே நுழையவில்லை, அதனால் உடம்பை அகலமாக்கிவிட்டார்கள். ஸ்கேல் வைத்து அளப்பவர்களுக்கு இது மகாபாவம். ஆனால் அந்த இன்ஜினைப் பிரிக்க ஒரு திருப்புளியும் பத்து நிமிடமும் போதும். அழுக்கைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் திரும்பவும் ஓடும். வாங்கியவரின் பேரன் கையில் இன்றும் ஓடுபவை உண்டு.

பிரிட்டனில் ட்ரை-ஆங். 1950 கிறிஸ்துமஸுக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கடைகளுக்காக ரோவெக்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்துகொடுத்த 'பிரின்சஸ் எலிசபெத்' ரயில் செட்டில் தொடங்கிய கதை அது. அடுத்த ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆரம்பகால உடம்புகள் செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக். காலப்போக்கில் அது வாழைப்பழம் மாதிரி வளைந்துபோனது. அதைவிடப் பெரிய ஏமாற்றம் வேண்டுமா? ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அவர்களே கொண்டுவந்த எக்ஸ்04 மோட்டாரைப் பாருங்கள். இரண்டு கார்பன் பிரஷ். இரண்டையும் அழுத்திப் பிடிக்க ஒரே ஒரு ஸ்பிரிங் கம்பி. மோட்டாரைக் கழற்றாமலேயே பிரஷ் மாற்றலாம். பள்ளிக்கூடப் பையன் செய்யக்கூடிய வேலை, செய்தார்கள். அதை வடிவமைத்தவருக்கு ஒன்று தெரிந்திருந்தது: எந்த எந்திரமும் ஒருநாள் நிற்கும், அன்றைக்கு அதை ஒருவர் திறப்பார்.

"அப்போ பழசெல்லாம் பொன்னா?" இல்லை. இதே ஏத்தர்ன் 1950களின் பிற்பாதியில் ரப்பர் பேண்டு வைத்து ஓடும் இன்ஜின்களை விற்றது. மோட்டார் தண்டிலிருந்து அச்சுக்கு நேராக ரப்பர் பேண்டு. நகர ஆரம்பித்தாலே ரேஸ் கார் மாதிரி பறக்கும். மெதுவாக ஓட்டுவது பெரும்பாடு. மோசமான டிசைன், சந்தேகமே இல்லை. ஆனால் பேண்டு அறுந்தால் இன்னொன்று மாட்டலாம். அந்த ஏமாற்றத்துக்கு மருந்து மேஜை டிராயரில் கிடைத்தது.

இப்போது இரண்டாவது வகை. 1990களில் லைஃப்-லைக் நிறுவனத்தின் ப்ரோட்டோ 2000 வரிசை வந்தபோது அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள். முகம் அவ்வளவு லட்சணம். கொஞ்ச காலம் கழித்து இன்ஜின்கள் நொண்ட ஆரம்பித்தன. உலோக அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டு, பல்லுக்குப் பல் இடைவெளி மாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக், டக்' என்று குதித்தது. பெட்டியை விட்டு வெளியே வராத இன்ஜின்களிலும் பல்சக்கரம் வெடித்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவற்றைக் காப்பாற்றியது ஏத்தர்ன். ப்ரோட்டோ இன்ஜினின் உள்ளமைப்பு ஏத்தர்னைப் பார்த்துச் செய்தது என்பதால், அந்த மூக்கு அகலமான இன்ஜினின் சாதாரணப் பல்சக்கரம் இதற்கும் பொருந்தியது. லட்சணமானவனுக்கு உயிர் கொடுத்தது, எல்லோரும் கிண்டலடித்த அந்தக் குண்டன்தான்.

இதைவிடக் கொடுமை துத்தநாகக் கதை. இன்ஜினின் அடிப்பாகம் கனமாக இருந்தால்தான் சக்கரம் வழுக்காமல் இழுக்கும். அதனால் துத்தநாகக் கலவையை வார்த்து சேசிஸ் செய்கிறார்கள். அந்தக் கலவையில் துளி ஈயம் கலந்தாலும் ஆபத்து. உலோகம் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மை ரயில்கள் எத்தனையோ இப்படிப் போயின. இதற்குத் தீர்வு எப்போது வந்தது தெரியுமா? 1929. நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய்மையான துத்தநாகத்தை வைத்து ஜமாக் கலவைகளைக் கொண்டுவந்தது. சுத்தமான மூலப்பொருள் போடு, கலப்படம் செய்யாதே, அவ்வளவுதான் பாடம். ஆனால் 2000களில் ஹார்ன்பி விற்ற கிளாஸ் 31 டீசல் இன்ஜின்களில் பலவற்றின் சேசிஸ் இதே நோயில் வீங்கி வெடித்தது. பிரிட்டிஷ் மாடல் ரயில்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், முகம் சுளிப்பார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஃபிக்ஸ் செய்த பக், ப்ரொடக்‌ஷனில் திரும்பி வந்தது. என் வேலையில் இதற்கு ரிக்ரஷன் என்று பெயர். யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய விஷயம்.

சரி, இது ஏன் நடக்கிறது? "சைனாவில் செய்வதால்" என்பது சோம்பேறித்தனமான பதில். 1990களின் பிற்பாதியில் ஹார்ன்பி தன் உற்பத்தியை இங்கிலாந்தின் மார்கேட் நகரிலிருந்து சீனாவுக்குக் கொண்டுபோன பிறகுதான் அதன் இன்ஜின்கள் அழகாயின. ஒவ்வொரு குழாயும் தனி உறுப்பு, ஒவ்வொரு கம்பியும் கையால் பொருத்தியது. அந்தத் தொழிலாளிகளின் கைத்திறனில் குறையில்லை. என்ன செய்யச் சொன்னோமோ அதைச் செய்தார்கள். கேள்வி, என்ன செய்யச் சொன்னோம் என்பதுதான்.

2012-13 வாக்கில் ஹார்ன்பி 'டிசைன் க்ளெவர்' என்றொரு கொள்கையைக் கொண்டுவந்தது. சில உறுப்புகளைத் தனியாகச் செய்யாமல் உடம்போடு சேர்த்தே வார்த்துவிடலாம், டிசைனை எளிமையாக்கிச் செலவைக் கட்டுப்படுத்தலாம் என்பது திட்டம். பி2 வகை நீராவி இன்ஜினும், டியூக் ஆஃப் க்ளௌஸ்டரும் அந்த வழியில் வந்தன. சில கைப்பிடிக் கம்பிகள் தனிக் கம்பியாக இல்லாமல் உடம்பில் புடைப்பாக இருந்தன. அவ்வளவுதான், வெடித்தது கலவரம். விலை பெரிதாகக் குறையவில்லை என்ற கோபம் நியாயம். ஆனால் சத்தத்தில் பாதி கைப்பிடிக் கம்பிக்காக! நிறுவனம் பின்வாங்கியது, அந்தப் பேச்சே பிறகு அடங்கிப்போனது. தொழில் கற்றுக்கொண்ட பாடம்: கம்பியில் கை வைக்காதே. பல்சக்கரத்துக்காக அந்த அளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே செலவைக் குறைக்கப் பாதுகாப்பான இடம் எது? கண்ணுக்குத் தெரியாத இடம்.

இந்தக் கம்பிப் பக்தியின் நகைச்சுவை இன்னொன்று உண்டு. பிரிட்டனின் டபுள் ஓ அளவே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. 1:76 விகிதத்துக்குத் தண்டவாளம் 18.83 மி.மீ. இருக்க வேண்டும், இருப்பது 16.5. பிரிட்டிஷ் இன்ஜின்கள் நிஜத்திலேயே சிறியவை என்பதால் 1:87இல் அன்றைய மோட்டார் அடங்கவில்லை. உடம்பை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 18.83 மி.மீ. பாதையைத் தாங்களே செய்து ஓட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு. மற்றவர்கள், கால் இரண்டும் ஒட்டி நிற்கிற ஒருவரின் சட்டைப் பொத்தான் அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

இதற்கு எரிபொருள் ஊற்றுவது முன்பதிவு. இன்று பல இன்ஜின்கள் ஒரே பேட்ச்தான் செய்யப்படுகின்றன. கம்ப்யூட்டர் வரைபடத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். இன்ஜின் என்ற பொருள் உருவாவதற்கு முன்பே வாங்கும் முடிவு முடிந்துவிடுகிறது. வரைபடத்தில் என்ன தெரியும்? கம்பி தெரியும், ரிவெட் தெரியும். பல்சக்கரம் பத்து வருடம் தாங்குமா என்பது தெரியாது. பிறகு பெட்டி வருகிறது. வீடியோ எடுப்பவர் பெட்டியைத் திறக்கிறார், நாலு பக்கமும் சுற்றிக் காட்டுகிறார், இரண்டு ரவுண்டு ஓட்டுகிறார், "சூப்பரா இருக்கு" என்கிறார். டெமோ பாஸ். ஆறு மாதம் ஓடிய பிறகு ஒரு வீடியோ? அதற்குள் அடுத்த இன்ஜினின் வரைபடம் வந்துவிடும்.

என்னிடம் ஒரு நீராவி இன்ஜின் இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அது ஒரு தனி ஆளின் பிரச்சினை அல்ல. சுங்கவரியோடு சேர்த்தால் என் முதல் மாதச் சம்பளத்தைத் தொடும் விலை. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒரு குட்டிப் படிக்கட்டு கையோடு வந்துவிட்டது. பதினோராவது மாதம் பல்சக்கரம் வெடித்தது. திறக்கலாம் என்றால், ஸ்க்ரூவை மறைத்துக்கொண்டு பிரேக் கம்பிகள் பசையில் ஒட்டியிருக்கின்றன. மெயில் போட்டேன். மரியாதையான பதில் வந்தது: அந்த பேட்ச் முடிந்துவிட்டது, உதிரிபாகம் இல்லை, அடுத்த மாடலுக்கான முன்பதிவு தொடங்கியிருக்கிறது, இதோ லிங்க். அந்த லிங்க்தான் எனக்கு ரத்தக் கொதிப்பு.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. இன்றைய நல்ல இன்ஜின் ஒன்று ஊர்கிற மாதிரி ட்ரை-ஆங் கனவிலும் ஊராது. ஐந்து முனை மோட்டார், ஃப்ளைவீல், எல்லாச் சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கும் வசதி எல்லாம் நிஜமான முன்னேற்றம். உதிரிபாகப் பட்டியலை ஒழுங்காக வெளியிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. "நான் கண்ணாடி அலமாரியில் வைத்து ரசிக்கத்தான் வாங்குகிறேன், உனக்கென்ன?" என்பவர்களும் இருக்கிறார்கள். தாராளமாக ரசியுங்கள். ஆனால் அப்படியென்றால் மோட்டார் இல்லாமல் வாங்குங்கள், விலையும் குறையும். ஓடும் இன்ஜின் என்று காசு வாங்கிக்கொண்டு சிலையை விற்பதற்கு உங்கள் ரசனை சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இத்தாலியின் லீமா இன்ஜின்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாவரைக்கிற மாதிரி சத்தம் போடும் தட்டை மோட்டார். பலரின் ஏமாற்றப் பட்டியலில் அதற்கு நிரந்தர இடம். லீமா 2004இல் ஹார்ன்பி கைக்குப் போனது. ஆனால் லீமா இன்ஜின்கள் சாகவில்லை. யாரோ ஒருவர் பழைய சிடி டிரைவிலிருந்து மோட்டாரை உருவி, லீமாவின் காந்தம் இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். பூனை மாதிரி ஓடியது. அது பரவி, ஊர் ஊராகச் செய்ய ஆரம்பித்தார்கள். நானும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் குப்பை விலைக்கு டிரைவ் வாங்கி ஒன்று செய்தேன். சிரித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை அது. ஏனென்றால் அந்த இன்ஜின் திறக்கிறது. மட்டமான மோட்டாரை வைத்தவர்கள், அதை மாற்ற முடியாதபடி பூட்டவில்லை.

பொழுதுபோக்கு என்று நான் நம்புவது இதைத்தான். வாங்குவது அல்ல, வைத்திருப்பதும் அல்ல. கெட்டுப்போனதை எப்படியாவது ஓட வைப்பது. திறக்க முடியாத இன்ஜின் அந்த வேலையையே நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது, நம்மை வெறும் வாடிக்கையாளர் ஆக்குகிறது. கெட்ட இன்ஜினை மன்னிக்கலாம். பூட்டிய இன்ஜினை மன்னிக்கக் கூடாது.

ஆகவே விமர்சனம் எழுதுபவர்களே, வீடியோ போடுபவர்களே, அடுத்த முறை முதல் படம் முகமாக இருக்க வேண்டாம். இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டு எடுங்கள். எத்தனை ஸ்க்ரூ, எங்கே இருக்கிறது, பல்சக்கரம் தனியாக விற்கிறார்களா, என்ன விலை, எத்தனை பெட்டியை இழுக்கிறது என்று சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பி அதற்குப் பிறகு வரட்டும். பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டு இதே கேள்விகளைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் எரிச்சல்படுவார்கள். ஆயிரம் பேர் கேட்டால் ஸ்க்ரூ வைப்பார்கள்.