மாகாண சபைத் தேர்தல் தொடர்பில் எமது செயற்குழுவின் நிலைப்பாடு

மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று கேட்டால், எல்லை நிர்ணயப் பிரச்சினை தீரட்டும் என்கிறார்கள். எத்தனையோ வருடங்களாகக் கேட்டுச் சலித்த பதில். இனியும் அமைப்பு வாய்மூடி இருக்கலாகாது என்று கிளைகளிலிருந்து கடிதங்கள் வந்ததை அடுத்து, மூன்று அமர்வுகளில் விவாதித்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். பின்னணி உறுப்பினர்கள் அறிந்ததே.

1. நிலைப்பாடு

ஒன்பது மாகாண சபைகளுக்குமான தேர்தல், 2017 க்கு முன்பிருந்த விகிதாசார முறையில் தாமதமின்றி நடத்தப்பட வேண்டும்.

இவ்வாறு கோருவதை, மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் திருத்தத்தை அரசியல் தீர்வாக ஏற்றுக்கொண்டதாக எவரும் பொருள்கொள்ளக் கூடாது. தீர்வு பற்றிய எமது முந்தைய தீர்மானங்களில் மாற்றமில்லை. அதிகாரமில்லாத சபைக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்ட உறுப்பினர்களின் ஆதங்கத்தைச் செயற்குழு மதிக்கிறது. ஆயினும் சபை கலைந்ததும் இருந்த கொஞ்ச அதிகாரமும் காற்றில் கரைந்துவிடவில்லை. அது ஆளுநரின் மேசைக்குப் போயிருக்கிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் இல்லை, கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று முறையிடப் போனால், அந்தக் கதவுக்குப் பின்னால் நாம் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட இல்லை.

2. பெண்களின் பேரால் நடந்தது

இந்தப் பகுதியில் ஒரு சொல்லையும் மென்மையாக்க எமது மகளிர் குழு சம்மதிக்கவில்லை. செயற்குழுவும் வற்புறுத்தவில்லை.

2017 இல் பாராளுமன்றத்துக்கு வந்தது மாகாண சபை வேட்பாளர் பட்டியல்களில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்கும் சட்டமூலம். பல வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. அதே நாட்களில் எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்துவதாகச் சொல்லி இருபதாம் திருத்தம் ஒன்றும் கொண்டுவரப்பட்டது. அதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. முன்வாசல் அடைபட்டதும் பின்வாசலைத் தேடினார்கள். பெண்களுக்கான சட்டமூலம் குழுநிலைக்கு வந்தபோது, தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் அதற்குள் திணிக்கப்பட்டன. பாதி தொகுதி முறை, பாதி விகிதாசாரம். அதற்குப் புதிய எல்லைகள் வேண்டும். எல்லைகள் வரும்வரை தேர்தல் இல்லை. செப்டெம்பர் 20 அன்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு அது நிறைவேறியது. அந்த மாத முடிவை ஒட்டிக் கிழக்கு, சப்ரகமுவ, வட மத்திய சபைகளின் காலம் முடிந்தது. கணக்கு எவ்வளவு கச்சிதம் என்று பாருங்கள்.

கைதூக்கியவர்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரும் இருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம் என்று செயற்குழுவில் சிலர் கருதுகிறார்கள். விளைவு நல்லெண்ணத்தைப் பார்த்து வரவில்லை.

பிறகு நடந்தது இன்னும் கேவலம். எல்லை நிர்ணயக் குழு தன் வேலையை முடித்து அறிக்கையைக் கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24 அன்று வாக்கெடுப்பு. எதிராக 139. ஆதரவாகப் பூச்சியம். அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக்குப் பிரதமர் தலைமையில் ஒரு குழு. இரண்டு மாத அவகாசம். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் வட, மத்திய, வட மேல் மாகாண சபைகளும், 2019 இல் எஞ்சிய சபைகளும் காலாவதியாயின.

30 வீதம் கேட்ட பெண்களுக்குக் கிடைத்தது பூச்சியம். ஆண்களுக்கும் பூச்சியம். சமத்துவம் அந்த அளவில் வந்துவிட்டது. எங்கள் கோரிக்கையைப் போர்வையாக்கி முழு நாட்டின் வாக்குரிமையையும் சுருட்டிக்கொண்டு போனவர்களை நாங்கள் மறக்கவில்லை.

3. நடுவழித் தேர்தலின் பெறுமதி

ஓர் அரசாங்கம் பதவிக்கு வந்த பின், அதன் காலம் முடியுமுன் மக்கள் பேசுவதற்கு இருக்கும் இடம் உள்ளூராட்சி, மாகாண சபைத் தேர்தல்களே. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சிகளுக்குத் தோல்வியே பதிலாகக் கிடைத்தது. அந்தப் பதிலை இன்னொரு முறை கேட்க அவர்கள் விரும்பவில்லை என்றே நாம் ஊகிக்கிறோம். 2020 இல் மூன்றில் இரண்டு பலத்தோடு வந்தவர்களும் பூட்டைத் திறக்கவில்லை. 2024 இல் ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதி, 159 ஆசனங்கள் பெற்றவர்களுக்கு, ஒரு சிறு திருத்தச் சட்டத்தை நிறைவேற்ற என்ன தடை?

2013 செப்டெம்பர் 21 அன்று 18 வயது நிரம்பாதிருந்த எவரும் வட மாகாண சபைக்கு இன்றுவரை வாக்களித்ததில்லை. அன்று பள்ளிச் சீருடையில் இருந்தவர்கள் இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

4. ஏனைய விடயங்கள்

பணமில்லை என்ற காரணம் இனி எடுபடாது. 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

புதிய எல்லைகளால் தம் பிரதிநிதித்துவம் குறையும் என்ற முஸ்லிம், மலையக மக்களின் அச்சம் நியாயமானது. பழைய முறையை நாம் கோருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பகிஷ்கரிப்பு யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. 1931 இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. நான்கு ஆசனங்கள் 1934 இடைத்தேர்தல் வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாட்டின் ஜனாதிபதியைத் தீர்மானித்த வித்தியாசம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அந்த நாளைப் பற்றி எமக்குள் ஒருமித்த கருத்து இல்லாததால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

5. கோரிக்கைகள்

அ) 2017 இன் தேர்தல் முறை மாற்றத்தை நீக்கும் திருத்தம் உடனடியாக நிறைவேற்றப்பட வேண்டும், எல்லை நிர்ணயம் முன்நிபந்தனையாக இருத்தல் ஆகாது.

ஆ) பெண்களுக்கான 30 வீத ஒதுக்கீடு இயன்றவரை அதே திருத்தத்தில் உள்ளடக்கப்பட வேண்டும். ‘இயன்றவரை’ என்ற சொல்லை மகளிர் குழு ஏற்கவில்லை என்பது இங்கே பதிவாகிறது. கட்சிகள் சட்டத்துக்குக் காத்திராமல் தம் பட்டியல்களில் இதனைச் செய்யலாம். செய்யாத கட்சியைப் பெயர் சொல்லிச் சுட்டுவோம்.

இ) உறுப்பினர்கள் தமதும், வீட்டில் புதிதாக 18 வயதானவர்களதும் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் உள்ளனவா என்று கிராம அலுவலரிடம் சரிபார்க்க வேண்டும்.

ஈ) இனி வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சியாயினும், முதலில் அவரிடம் ஒன்று கேளுங்கள். 2017 செப்டெம்பர் 20 அன்று சபையில் இருந்தவரானால், எந்தப் பக்கம் கை தூக்கினீர்கள் என்று. புதியவரானால், அப்படியொரு சட்டமூலம் மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. பதில் வந்த பிறகு கதிரை போடலாம்.

செயற்குழு