கிணற்றடிக்கு எட்டாத விஞ்ஞானம்

நன்னீர், உவர்நீர் என நாவினாற் பகுத்தறியும் திறன் மன்னார்த் தீவில் பெரிதும் மதிக்கப்படுவது இயல்பே. கடல் சூழ்ந்த அம்மணற்றீவில், மண்ணுட் புகும் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. ஆழங்குறைந்த கிணறுகள் தருவது அந்நீரையே. ஆயின் ஆசனிக்கு என்னும் நஞ்சுக்குச் சுவையில்லை, நிறமில்லை, மணமுமில்லை. காய்ச்சினாலும் அது நீங்காது. நாவின் தீர்ப்பு இங்கு செல்லாது.

உலகச் சுகாதார நிறுவனம் 1993இல் விதித்த வரம்பு, இலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். மன்னார்த் தீவின் நிலத்தடி நீரில் சிலவிடங்களில் இவ்வரம்பு மீறப்பட்டிருப்பதைப் பேராதனைப் புவிச்சரிதவியலாளர் பங்குகொண்ட ஆய்வுகள் 2018இலும் 2019இலும் வெளிப்படுத்தின. அவ்வாய்வுகள் போற்றத்தக்கவை. எனினும் ஆங்கில ஆய்விதழில் அச்சேறிய எண், கிணற்றுக்குரியவரின் கையிற் சேர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியுமா? ஒரு கிணற்றில் மிகுந்தும் அயற்கிணற்றிற் குறைந்தும் காணப்படுவது ஆசனிக்கின் இயல்பு. ஆதலால் தீவின் சராசரி எந்த வீட்டுக்கும் விடை தராது.

இத்தகைய நுண்ணளவைக் காணப் பெருங்கருவிகளே வேண்டும் என்பது பழைய சாட்டு. மின்னிரசாயன முறை அச்சாட்டை எப்போதோ தகர்த்துவிட்டது. அமிலஞ்சேர்ந்த நீரில் பொன் மின்வாய் ஒன்றை அமிழ்த்தி எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், கரைந்துள்ள ஆசனிக்கு அதன்மீது படியும். பின்னர் அழுத்தத்தை நேர்ப்புறமாக உயர்த்த, படிந்தது மீண்டும் கரையும். அப்போதெழும் மின்னோட்டத்தின் அளவே நஞ்சின் அளவைச் சொல்லும். கையிற் சுமந்து செல்லத்தக்க கருவியால், ஒரு மைக்கிரோகிராம் அளவையும் இம்முறையில் அறியலாம்.

செம்பு கலந்திருப்பின் அளவீடு பிழைக்கும்; ஐவலுவளவு ஆசனிக்கை முன்னரே தாழ்த்தாவிடின் உள்ளதிற் குறைவாகவே காட்டும் என்பர் சிலர். உண்மையே. இவை அளப்போருக்குப் பயிற்சி அளிக்கவும், மாதிரிகளில் ஒரு பகுதியை ஆய்வுகூடத்தில் மறுபடி சோதிக்கவும் வேண்டும் என்பதற்கான நியாயங்கள். அளக்காதிருப்பதற்கு இவற்றில் நியாயம் ஏதுமில்லை.

மக்கள் வீணே பீதியடைவர் என்பார் வேறு சிலர். இவர்கள் வங்காளதேசத்தை நோக்கட்டும். 1970களில் யுனிசெப் துணையுடன் அங்கு குழாய்க்கிணறுகள் பரவலாக அமைக்கப்பட்டபோது ஆசனிக்குச் சோதனை நடைபெறவில்லை. 1993இலேயே நஞ்சு கண்டறியப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்நீரை அருந்தியிருந்தனர். பின்னர் கிணறுகளைச் சோதித்து, தீயவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர். அண்டையில் நல்ல கிணறு இருப்பதை அறிந்த குடும்பங்கள் பல அதனை நாடின. அறிவு அம்மக்களுக்கு வழிகாட்டியது; கேடு செய்தது அறியாமையே. மன்னாரின் அளவுகள் வங்காளத்தின் கொடிய அளவுகளை எட்டியவை அல்ல என்று ஆறுதல் கொள்வாரும் உளர். நெடுங்காலம் சிறுகச் சிறுக அருந்தினும் தோலையும் சிறுநீர்ப்பையையும் நுரையீரலையும் புற்றுநோய்க்கு ஆளாக்கவல்ல நஞ்சன்றோ இது!

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. மின்னிரசாயனம் கற்கும் மாணவரும் உளர். பரீட்சைத் தாளில் மின்வாயை வரைவோர், அதனைப் பேசாலைக் கிணற்றில் அமிழ்த்திப் பார்ப்பதிற் குறையென்ன? தீவில் கிணற்றுநீர் அருந்தும் வீடு ஒன்றேனும் உள்ளவரை, மாரியிலும் கோடையிலும் அக்கிணறு அளக்கப்படல் வேண்டும். அளந்த எண் தமிழில் எழுதப்பட்டு அவ்வீட்டாரிடம் கையளிக்கப்படல் வேண்டும்.