பாட்டரியின் பேரில் பகற்கொள்ளை!

"போன் கிழடாகிவிட்டது, புதுசு வாங்கு!" பாட்டரி மாற்றிய பிறகும் போன் நொண்டினால் கடைக்காரர் செய்யும் உபதேசம் இது. தேய்வது இயற்கைதானே என்று நம் தோழர்கள் சிலரும் தலையாட்டுகிறார்கள். தேய்வது இயற்கை, சரி. மறைப்பதும் இயற்கையா?

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி செய்ததைப் பாருங்கள். தேய்ந்த பாட்டரி, வேலைப்பளு திடீரென்று ஏறும்போது தாளாது. மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். இதைத் தடுக்க 2017 ஜனவரியில் ஐபோன் 6, 6எஸ் முதலியவற்றுக்கு ஒரு மென்பொருளை அனுப்பி, போனின் வேகத்தையே அடக்கினார்கள். காசு கொடுத்து வாங்கியவனிடம் தெளிவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த டிசம்பரில் ஒருவர் பாட்டரியை மாற்றினார். ஊர்ந்த போன் ஓடிற்று! குட்டு உடைந்தது. 20ந் தேதி கம்பெனி ஒப்புக்கொண்டது. 28ந் தேதி மன்னிப்புக் கேட்டது. பாட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறங்கிற்று.

அணைவதைவிட மெதுவாக ஓடுவது மேல் அல்லவா என்று வக்காலத்து வாங்குவோர் கேட்கிறார்கள். வாஸ்தவம்தான். நல்ல காரியத்தை ஏன் இருட்டில் செய்தீர்கள்? 2019 ஜனவரி 2ல் கம்பெனித் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். ஐபோன் வரும்படி குறைந்ததற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று, ஜனங்கள் மலிவாகப் பாட்டரி மாற்றிக்கொண்டார்களாம்! பழசு நன்றாக ஓடினால் முதலாளிக்கு நஷ்டம்.

2020ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. ஐபோன் நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்களே, 2018ல் இத்தாலியில் சாம்சங்கும் சேர்ந்தே அகப்பட்டது. பழைய நோட் 4 போனில் அது தாங்காத புது மென்பொருளை ஏற்றச் சொன்ன குற்றத்துக்கு 50 லட்சம் யூரோ!

ஆகவே பாட்டரி மாற்றியும் போன் ஊர்ந்தால் உடனே தவணைக் கடனுக்கு ஓடாதீர்கள். ஐபோனானால் அமைப்புகளில் பாட்டரிப் பகுதியைத் திறங்கள். வேகத்தை அடக்கியிருந்தால் அங்கே தெரியும். (இந்த வசதியும் குட்டு உடைந்த பிறகு, 2018ல்தான் வந்தது.) மட்டமான பாட்டரி போட்டிருந்தால் பழைய கதைதான். எந்தப் போனானாலும் படமும் வீடியோவும் அடைத்து இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நோய் அதில்தான்.

2022 டிசம்பரில் டில்லி சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமை என்று ஓர் இணைய வாசலைத் திறந்துவைத்தது. வாசல் போதாது. உதிரிப் பாகத்தையும் பழுதுபார்க்கும் விவரத்தையும் தெருமுனை மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கொடுத்தே தீரவேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும். மில் வாசல் கூட்டங்களில் இந்தக் கோரிக்கையும் எழட்டும்.